உளுந்து குடோனில் தரம் பார்க்கிற ஆட்களைக் குறைக்கச் சொல்கிறார் முதலாளி. தரக்குறைவால் ஆகும் செலவைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

பசுண்டாங் கணக்கர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு பருப்பு ஏற்றுமதி குடோனில் கணக்கு எழுதுகிறேன். உளுந்துதான் பெரும்பங்கு. கொஞ்சம் பாசிப்பயறும் துவரையும் உண்டு. பேயினாங் சந்தையில் வாங்கி, சுத்தம் பண்ணி, 50 கிலோ மூட்டையாகக் கட்டி, சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் அனுப்புகிறோம்.

போன வாரம் முதலாளி செலவுப் பட்டியலை எடுத்துவைத்து உட்கார்ந்தார். கரண்ட் வருவதே அபூர்வமாகிவிட்டது. நிறம் பார்த்துப் பிரிக்கிற கலர் சார்ட்டரும் கல் பிரிக்கிற மெஷினும் பாதி நேரம் ஜெனரேட்டரில்தான் ஓடுகின்றன. டீசல் செலவைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அதனால் வேறு எங்காவது வெட்ட வேண்டும் என்று, கையால் பொறுக்குகிற பெண்களில் பாதிப் பேரை நிறுத்தச் சொல்கிறார். ஈரப்பதம் பார்க்கிற பையனை லோடு ஏற்றுகிற வேலைக்கு மாற்றச் சொல்கிறார். "இவங்களுக்குக் கொடுக்கிற கூலி என் கண்ணுக்குத் தெரியுது. இவங்களால என்ன மிச்சமாகுதுன்னு காட்டு, வெச்சுக்கிறேன்" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. கொரோனா காலத்தில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாதவர். கேட்பது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் பதில் என் பேரேட்டில் இல்லை. வண்டு வந்த சரக்குக்கு மறுபடி மருந்து அடித்தது "இதர செலவு" தலைப்பில் இருக்கிறது. கிழிந்த சாக்கை மாற்றியது "சாக்கு" கணக்கில். வாங்கியவர் பிடித்துக்கொண்ட பணம் "தள்ளுபடி". சரக்கைத் திருப்பி குடோனுக்குக் கொண்டுவந்த லாரி வாடகை "போக்குவரத்து". தரம் கெட்டதால் ஆன செலவு என்று ஒரு தலைப்பே கிடையாது. எங்கிருந்து தொடங்குவது? பெரிய கம்பெனிகளில் இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முதலாளி ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார்.

பொறுக்குகிற பெண்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தினமும் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சீக்கிரம் யாராவது வழி சொல்லுங்கள்.

மாந்தலே பருப்புக்கடை எழுதியது:

தம்பி, உங்கள் முதலாளி பக்கமும் ஒரு வார்த்தை சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் எஃப்.ஏ.க்யூ. சரக்கு விற்கிறீர்களா, எஸ்.க்யூ. சரக்கா? எஃப்.ஏ.க்யூ. என்றால் சராசரித் தரம், எஸ்.க்யூ. என்றால் சிறப்புத் தரம். சராசரி விலைக்கு விற்கிற உளுந்தை எஸ்.க்யூ. மாதிரி பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினால் அதற்கு யாரும் காசு தரப்போவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதைக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் செய்வதும் வீண் செலவுதான். முதலில் அதைப் பாருங்கள். பாதிப் பேர் தேவையில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்.

லைங்தாயா அக்கா எழுதியது:

எனக்கு உளுந்து தெரியாது. நான் லைங்தாயாவில் கார்மெண்ட் பேக்டரியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்தக் கணக்கு கொஞ்சம் பளிச்சென்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

இங்கே பெரும்பாலான பேக்டரிகள் சி.எம்.பி. முறையில் ஓடுகின்றன. வெட்டுவது, தைப்பது, பேக் பண்ணுவது, இதற்கு மட்டும்தான் கூலி. துணி, பட்டன், ஜிப் எல்லாம் வாங்குகிறவருடையது. ஒரு ஜாக்கெட்டில் எண்ணெய்க் கறை பட்டுப் போகாவிட்டால் நம் தையல் கூலி மட்டும் போகாது. அவருடைய துணிக்கும் சேர்த்து டெபிட் நோட் வரும். ஒரு உருப்படி கெட்டால் அதை ஈடுகட்ட எத்தனை நல்ல உருப்படி தைக்க வேண்டும் என்று எங்கள் லைன் சூப்பர்வைசர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.

கடைசிச் சோதனை சாம்பிள் முறையில்தான் நடக்கும். ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்றுக்கொள்ளக்கூடிய குறையின் வரம்பு, 2.5 என்றால், 1,201 முதல் 3,200 உருப்படி வரை உள்ள ஒரு லாட்டில் 125 உருப்படி எடுப்பார்கள். குறையுள்ளது 7 வரை இருந்தால் பாஸ். 8 ஆனால் மொத்த லாட்டும் நின்றுவிடும். அப்புறம் எல்லா அட்டையையும் பிரித்து, எல்லாவற்றையும் பார்த்து, ஆல்டரேஷன் செய்து, மறுபடி பேக் பண்ண வேண்டும். அதற்குள் கப்பல் போய்விடும். விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரில் சம்பாதித்தது முழுக்க அதற்கே போகும். இத்தனைக்கும் காரணம் முதல் நாள் காலையில் ஒரு மெஷினில் டென்ஷன் சரியில்லாமல் தையல் விட்டதாக இருக்கும். அதை அப்போதே பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

உங்களுக்கு என் யோசனை இதுதான். திருத்த வேலை எது நடந்தாலும் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள், ஏன் என்பதையும் அதே இடத்தில் எழுத வையுங்கள். கல்லா, ஈரமா, வண்டா, சாக்கா? ஒரு வார்த்தை போதும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை வைத்து யார் கூலியிலும் பிடிக்கக் கூடாது என்று முதலாளியிடம் முதலிலேயே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் குறைக்கு அபராதம் போட்டார்கள். அடுத்த வாரமே தாளில் குறை பாதியாகிவிட்டது. தைத்த துணியில் ஒன்றும் குறையவில்லை. பெண்கள் கெட்ட உருப்படியை மேஜைக்கடியில் ஒளித்துவைத்தார்கள். அது வெளியே வந்தது கடைசிச் சோதனையில்.

பேயினாங் பெரியவர் எழுதியது:

தம்பி, இந்தச் சந்தையிலேயே முடி நரைத்தவன் நான். கணக்கும் எழுதியிருக்கிறேன், மூட்டையில் குத்திச் சாம்பிள் எடுக்கிற குத்தூசியும் பிடித்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், படியுங்கள்.

வருடக் கணக்கு முழுவதையும் புரட்டாதீர்கள். கடைசியாகத் தகராறு வந்த ஒரே ஒரு கண்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கு பேயினாங்கில் வாங்கிய சீட்டில் தொடங்கி, சென்னையில் பணம் தீர்ந்த நாள் வரைக்கும் உள்ள எல்லாக் காகிதத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்புங்கள். லாரி வாடகை, ஏற்றிறக்குக் கூலி, மெஷின் ஓடிய நேரம், பொறுக்கிய கூலி, சாக்கு, மருந்து அடித்த சர்டிபிகேட், திலாவா துறைமுகச் செலவு, கப்பல் கூலி, புரோக்கருடைய கடிதம், பிடித்தம். ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: சரக்கு முதலிலேயே சரியாக இருந்திருந்தால் இந்தக் காசு போயிருக்குமா? போயிருக்காது என்றால் சிவப்பு மையில் கோடு. சிவப்புக் கோடு போட்டதையெல்லாம் கூட்டுங்கள். அந்த ஒரு பக்கம் போதும். நூறு கண்டெய்னரின் சராசரியை உங்கள் முதலாளி நம்ப மாட்டார். தான் ராத்திரி தூங்காமல் போன் பேசிய அந்த ஒரு கண்டெய்னரை நம்புவார்.

காகிதமே இல்லாத செலவும் உண்டு. தகராறு தீரும்வரை நின்ற பணத்துக்கு வட்டி. அந்த வாரம் நல்ல ஆர்டரைக் கவனிக்க முடியாமல் போனது. எல்லாவற்றையும்விடப் பெரியது, அடுத்த ஒப்பந்தத்தில் டன்னுக்குச் சில டாலர் குறைத்துக் கேட்பார்களே, அது. அதைக் கூட்டலில் சேர்க்காமல் கீழே தனியாக எழுதிவையுங்கள். சேர்த்தால் முதலாளி மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவார்.

இப்போது சரக்குக்கு வருகிறேன். 20 அடி கண்டெய்னரில் 50 கிலோ மூட்டை 480 போட்டால் 24 டன். அதில் மண், கல், தூசி 1 சதவீதம் என்றால் 240 கிலோ. கிட்டத்தட்ட 5 மூட்டை மண். அந்த மண்ணை பேயினாங்கில் உளுந்து விலை கொடுத்து வாங்கி, லாரிக் கூலி கொடுத்து, சாக்கில் கட்டி, மருந்து அடித்து, கடல் தாண்டி அனுப்பி, அங்கே பிடித்தமும் கொடுக்கிறோம். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் சில பருப்பு வகைகளுக்கு (உளுந்து அந்தப் பட்டியலில் இல்லை) வைத்த வரம்பே மொத்த அந்நியப் பொருள் 1 சதவீதம்தான். அதிலும் கல், மண் போன்றவை 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாது, செத்த பூச்சி 0.10 சதவீதத்துக்கு மேல் கூடாது.

ஈரம் இதைவிட மோசம். 14 சதவீத ஈரத்தோடு வாங்கிய 24 டன்னை 11 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது சுமார் 23.2 டன். ஏறக்குறைய 800 கிலோ காற்றில் போய்விடும். 16 மூட்டை! இந்த ஒரு எண்ணுக்குப் பயந்துதான் நம் சந்தையில் பாதிப் பேர் சரக்கைக் காயவைப்பதில்லை. எடை போய்விடுமே என்று அப்படியே கட்டி அனுப்புகிறார்கள். ஆனால் அந்த 800 கிலோ எப்போது நம்முடையதாக இருந்தது? தண்ணீரை உளுந்து விலைக்கு வாங்கிய அன்றே காசு போய்விட்டது. காயவைத்த நாளில் அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அதைத் தடுக்க ஒரே இடம், வாங்குகிற வாசல். அங்கே மீட்டரோடு நிற்க வேண்டியவனைத்தான் உங்கள் முதலாளி மூட்டை தூக்க அனுப்பப் பார்க்கிறார். எனக்கு உண்மையிலேயே மனசு பதறுகிறது. கூலி ஆட்களிலேயே அந்தப் பையனைத்தான் கடைசியில் தொட வேண்டும்.

வண்டு விஷயமும் ஈரத்தோடு சேர்ந்ததுதான். பயறு வண்டு வயலில் காய் நிற்கும்போதே முட்டை வைத்துவிடும், குடோனிலும் வைக்கும். புழு பருப்புக்குள்ளேயே வளரும். வண்டாகி வெளியே வரும்போதுதான் ஓட்டை தெரியும். நம் ஊர் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆகாது. பிப்ரவரி, மார்ச்சில் வந்த புதுச் சரக்கு தின்ஜான் புத்தாண்டு விடுமுறையில் பூட்டிய குடோனில் கிடந்து, மழை தொடங்கியதும் வெளியே எடுக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணும் ஓட்டை விழாத பருப்புக்குள் இருக்கிற புழுவைப் பொறுக்க முடியாது. மருந்து அடித்தால் அன்றைக்கு இருக்கிறது சாகும். அதற்குப் பிறகு புதிதாக ஏறுகிற பூச்சியைத் தடுக்க அந்த மருந்துக்குச் சக்தி கிடையாது. ஆகவே இரண்டாம் தடவை மருந்து அடித்த செலவுக்குச் சிவப்புக் கோடு போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

பெரிய கம்பெனிகளில் எப்படி என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த ஆர்மண்ட் ஃபைகன்பாம் 1956ல் எழுதிய கட்டுரையில் மூன்று கூறாகப் பிரித்தார். குறை வராமல் தடுக்க ஆகிற செலவு, வந்திருக்கிறதா என்று சோதிக்க ஆகிற செலவு, வந்துவிட்டதால் ஆகிற செலவு. மூன்றாவதைப் பிறகு இரண்டாக்கினார்கள்: நம் கேட்டுக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தது, கேட்டைத் தாண்டின பிறகு வாங்கினவர் கண்டுபிடித்தது. உலகம் முழுக்கப் பலர் இன்னும் இந்த முறையில்தான் கணக்குப் போடுகிறார்கள். தரம் சம்பந்தப்பட்ட செலவு பல நிறுவனங்களில் விற்பனையில் 15 முதல் 20 சதவீதம் வரை போகிறது என்று அமெரிக்கத் தரச் சங்கம் சொல்கிறது. அந்த எண்ணை முதலாளியிடம் காட்டாதீர்கள். "பருப்பு வியாபாரத்துல மொத்த லாபமே அவ்வளவு கிடையாதுடா" என்று தாளைத் தள்ளிவிடுவார். அவர் சொல்வதும் சரிதான். நமக்கு 2 சதவீதம் போனாலே அந்த லாட்டில் ஒன்றும் நிற்காது.

ஆனால் அந்தப் பிரிவினையை உங்கள் குடோனுக்குப் பொருத்திப் பாருங்கள். மீட்டர் பையன் வாசலில் நின்றால் அது தடுக்கிற செலவு. அனுப்பும் முன் சாம்பிள் எடுப்பது சோதிக்கிற செலவு. சரி, கையால் பொறுக்குகிற பெண்கள்? யோசித்துப் பாருங்கள். அழுக்குச் சரக்கை வாங்கியதால்தான் அவ்வளவு பொறுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கூலியில் ஒரு பெரிய பகுதி, வாங்குமிடத்தில் நடந்த தப்பைத் திருத்துகிற செலவு. அதனால் மாந்தலேக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது, உங்கள் முதலாளி சொன்னதிலும் இருக்கிறது. பொறுக்குவது குறைய வேண்டும்தான். ஆனால் முதலில் வாசலில் நல்ல சரக்கு வர வேண்டும், பொறுக்கக் குறைவாக வர வேண்டும், அப்புறம்தான் ஆளைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும். சரக்கு அதே அழுக்கோடு வந்துகொண்டிருக்கும்போது பொறுக்குகிறவரை நிறுத்தினால், குடோனுக்குள் ஆன செலவைச் சென்னைக்குக் கப்பலேற்றி அனுப்புகிறோம் என்று அர்த்தம். அங்கே அது டாலரில் வரும்.

அப்படிச் சரக்கு சுத்தமாகும் காலத்தில் அந்தப் பெண்களில் சிலரை வாசலில் சாம்பிள் பார்க்க வையுங்கள். கல், சொத்தை, பாசிப்பயறு கலப்பு எல்லாவற்றையும் அவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறவர் இந்தச் சந்தையில் யார்?

2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து, துவரை இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டபோது இங்கே விலை சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். வாங்க ஆளில்லாத அந்தச் சமயத்திலும் ஒருசிலர் சரக்கு முதலில் நகர்ந்தது. அவர்கள் மூட்டைக் குறியைப் பார்த்தாலே வாங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2021ல் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்து வருடத்துக்கு, வருடம் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் எடுப்பதாக இந்தியா சொன்னது. அந்த மாதிரி வாசல் திறந்திருக்கும்போது எல்லாரும் விற்றுவிடுவோம். மூடும்போதுதான் தரத்துக்கு விலை தெரியும். நான் இரண்டையும் பார்த்தவன்.

விருதுநகர் மில் பழக்கம் எழுதியது:

பெரியவர் சொன்னதற்கு வாங்குகிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். விருதுநகர்ப் பக்கம் பருப்பு மில்லில் வேலை பார்த்துவிட்டு இப்போது ரங்கூனில் கொள்முதல் பார்க்கிறேன்.

ஈர உளுந்து மில்லில் ஏறினால் தோல் சரியாகக் கழலாது. மறுபடி மறுபடி உருளையில் விட வேண்டும், பருப்பு தேய்ந்து மாவாகப் போகும். கல் வந்தால் தோலைத் தேய்த்தெடுக்கிற எமரி உருளை கெடும். சின்னதும் பெரியதும் கலந்து வந்தால் சின்னது தோலோடு தப்பிவிடும், பெரியது அதிகமாகத் தேயும். பழைய சரக்கைப் புதுச் சரக்கில் கலந்து அனுப்பினால் இட்லிக்கடைக்காரர் சொல்லிவிடுவார், மாவு பொங்கவில்லை, கிரைண்டரில் உபரி காணவில்லை என்று. அவர் மளிகைக் கடையைத் திட்டுவார், கடைக்காரர் மில்லைத் திட்டுவார். மில்காரர் உங்களைத் திட்ட மாட்டார். அடுத்த முறை உங்கள் குறிக்கு டன்னுக்கு விலை குறைத்துச் சொல்வார், அல்லது வேறு ஆளிடம் எடுத்துக்கொள்வார். நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போடுவதற்கு சர்வே, கடிதம், புரோக்கர் என்று அலைய வேண்டுமே, யாருக்கு நேரம்? அதனால் "எங்களுக்கு கிளெய்மே வருவதில்லை" என்று உங்கள் முதலாளி சொன்னால் அதை நம்பி உட்காராதீர்கள். முன்பு எடுத்துக்கொண்டிருந்தவர்களில் இப்போது எடுக்காதவர் யார் என்று பெயர்ப் பட்டியல் போட்டு, புரோக்கரை விட்டுக் காரணம் கேளுங்கள்.

மாந்தலே அண்ணன் கேட்ட எஃப்.ஏ.க்யூ. விஷயம் சரி. ஆனால் எஃப்.ஏ.க்யூ. வாங்குகிறவருக்கும் ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் மூட்டை எஸ்.க்யூ. மாதிரி, பத்தாவது மூட்டை குப்பை, சராசரி சரியாகிவிட்டது என்றால் மெஷினை எதற்கு ஏற்ப அமைப்பது?

பசுண்டாங் கணக்கர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் சொன்னபடி ஒரு கண்டெய்னரை எடுத்து எல்லாத் தாளையும் பரப்பினேன். போன மழைக்காலத்தில் போனது. சிவப்புக் கோடு நான் நினைத்ததைவிட எங்கெங்கோ விழுந்தது. சாக்கு மாற்றியதில்கூடப் பாதி, ஈரத்தால் அடிமூட்டைகள் பூத்துப் போனதால் ஆனது. அதைச் சாக்குக்காரர் தப்பு என்றே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். கூட்டிப் பார்த்தால், நிறுத்தச் சொன்ன பெண்களின் ஒரு மாதக் கூலியைவிட அந்த ஒரு கண்டெய்னரில் போனது அதிகம்.

முதலாளி முழுவதும் படித்தார். ஆள் குறைப்பதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த லாட்டை வாங்கினது யாரு?" வாங்கியது அவர் மைத்துனர். அவர்தான் எப்போதும் பேயினாங்கில் வாங்குவார். இப்போது மைத்துனர் என்னோடு பேசுவதில்லை. அவர் பெகு பக்கத்து விவசாயிகளிடமிருந்து வருகிற தரகர்களோடு நல்ல பழக்கம் உள்ளவர், அவர் இல்லாமல் சரக்கு கிடைக்காது. இதை எப்படிச் சமாளிப்பது ஐயா?

லைங்தாயா அக்கா:

இதைத்தான் பயந்தேன் தம்பி. ஆளின் பெயர் அந்தத் தாளில் வரவே கூடாது. எந்தத் தரகர், எந்த லாரி, வாசலில் ஈரம் எவ்வளவு, இவ்வளவு போதும்.

பேயினாங் பெரியவர்:

அக்கா சொல்வதுதான் சரி. அந்தப் பழைய தாளை மடித்து உள்ளே வையுங்கள், அதன் வேலை முடிந்தது. மைத்துனரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு ஒரு ஆயுதம் கொடுங்கள். தரகரிடம் "சரக்கு ஈரமாக இருக்கிறது" என்று அவர் சொன்னால் வாக்குவாதம்தான் வரும். மீட்டரைக் காட்டி, கழிவு இவ்வளவு என்று ஒரு அட்டையைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும், உறவும் கெடாது.

அட்டைக்குச் சூத்திரம் இது. 12 சதவீதத்தை உங்கள் அளவாக வைத்துக்கொண்டால், வந்த எடையை 100லிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி, 88ஆல் வகுக்க வேண்டும். 15 சதவீத ஈரத்தில் 100 வீசை (நம் சந்தை எடை) வந்தால், 100 பெருக்கல் 85, வகுத்தல் 88, 96.6 வீசைக்குத்தான் பணம். 3.4 வீசை கழிவு. 13க்கு 1.1 வீசை, 14க்கு 2.3 வீசை. இதைப் பர்மியிலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஒளிவுமறைவு வேண்டாம். 12க்குக் கீழே நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்தால் அதே சூத்திரப்படி கூடுதலாகக் கொடுக்க முதலாளியை ஒப்புக்கொள்ள வையுங்கள். இது ரொம்ப முக்கியம். வெயிலில் உழைத்துக் காயவைத்த விவசாயிக்கும் ஈரத்தோடு மூட்டை கட்டியவருக்கும் ஒரே விலை கொடுத்துக்கொண்டிருந்தால் யார் காயவைப்பார்கள்? நம் சந்தை இத்தனை வருடம் அவர்களுக்குச் செய்த அநியாயம் அது.

பசுண்டாங் கணக்கர்:

நல்லது ஐயா. மைத்துனரிடம் நாளைக்கே பேசுகிறேன். ஒரு சந்தேகம். கரண்ட் இல்லாத நேரத்தில் லாரி வந்தால் மீட்டர் வேலை செய்யுமா? எங்களுடையது கையடக்க மீட்டர். ஆனால் அதே மூட்டையில் இரண்டு தடவை பார்த்தால் வேறு வேறு எண் காட்டுகிறது. அதைச் சொல்லித்தான் முதலாளி அந்தப் பையனைக் கிண்டல் பண்ணுவார்.

பேயினாங் பெரியவர்:

கையடக்க மீட்டர் பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம். பேட்டரி இறங்கினாலும் எண் தாறுமாறாகும், முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம், அதில் எந்தத் தானியம் என்று தேர்ந்தெடுக்கிற பட்டன் இருக்கும். நெல்லில் வைத்து உளுந்தைப் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். வெயிலில் நின்ற லாரியில் எடுத்த சாம்பிளைச் சூட்டோடு போடாதீர்கள், நிழலில் கொஞ்சம் ஆற விடுங்கள். ஒரு மூட்டையில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் குத்தூசியால் எடுத்துக் கலந்து, மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது ஒரு சாம்பிளை அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கிற லேபுக்கு அனுப்பி, மீட்டர் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்று மீட்டர் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பசுண்டாங் கணக்கர்:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மீட்டர் நெல்லில்தான் இருந்தது. உளுந்துக்கு மாற்றிவிட்டேன். பையனிடமும் காட்டிக்கொடுத்துவிட்டேன்.